இல்லையென்று சொல்லாத ஊர்

தெகரெய் தன் வாயால்தான் கெட்டாள். யாரும் அவளைக் குடைந்து குடைந்து கேட்கவில்லை. படகில் போகிற வழியில் பொழுது போகாமல் பேச ஆரம்பித்தவள், சொல்லக் கூடாததையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தீர்த்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் தூதர். பெரிய நாட்டுத் தூதர். அந்த நாட்டுக்கும் பசிபிக் தீவு நாடான கிரிபாஸுக்கும் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. தனக்கு ஆகாதவனோடு கிரிபாஸ் கை குலுக்கிவிட்டது என்று முறுக்கிக்கொண்டு போன நாடு, பிறகு மனம் மாறி, கொடியும் மேஜை நாற்காலியுமாகத் தலைநகர் தராவாவில் வந்து இறங்கித் தூதரகத்தைத் திறந்தது. திறந்த நாளிலிருந்து தூதருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு தீவாகப் போவார், எதையாவது கொடுப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். அவர் போகிற இடமெல்லாம் மொழிபெயர்க்கப் போவது வெளியுறவு அலுவலகத்திலிருந்து தெகரெய்.

இந்த முறை போனது அவளுடைய சொந்த ஊருக்கே. புவாரெதிக்குத் தண்ணீர்த் தொட்டியும் சூரிய விளக்குகளும் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் அவளிடம் சொன்னார்கள். தூதர் தன் மகள் லீனாவையும் கூட்டிவந்திருந்தார். ஏழு வயதுப் பெண். அவளுடைய அம்மாவுக்குப் படகு ஏறினாலே குமட்டும் என்று தராவாவிலேயே இருந்துவிட்டாள்.

"உங்க ஜனங்களைப் பத்தி ஏதாவது சொல்லுங்க மேடம். புத்தகத்துல இல்லாதது" என்றார் தூதர்.

தெகரெய்க்கு ஊருக்குப் போகிற குஷி. "புத்தகத்துல இல்லாததா? அப்போ புபுசியைப் பத்திச் சொல்றேன் சார். எங்கள்ல ஒருத்தர் வந்து 'புபுசி'ன்னு சொல்லி ஒரு பொருளைக் கேட்டா, குடுத்துதான் ஆகணும். இல்லேன்னு சொல்ல முடியாது."

"சொன்னா?"

"சொன்னவங்க யாரையும் நான் பார்த்ததில்ல சார். சொன்னா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊர்ல நடமாடறது? எங்க மாமா ஒருத்தர் கடை வச்சாரு. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து புபுசி, புபுசின்னு அரிசி, சர்க்கரை, டின் மீனெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. கடைசியில கடையில மிஞ்சினது தராசுதான். அதையும் அத்தையோட தம்பி வந்து கேட்டுட்டான்."

தூதர் விழுந்து விழுந்து சிரித்தார். லீனாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

"நானே புதுச் சட்டை எடுத்தா ஆபீசுக்குப் போட்டுட்டுப் போகப் பயப்படுவேன். எவளாவது 'நல்லா இருக்கே, புபுசி'ன்னுட்டா அங்கேயே கழட்டிக் குடுக்கணும். ஆனா நாமளும் நாளைக்கு அவகிட்டக் கேட்டுக்கலாம், அவளும் குடுத்துதான் ஆகணும். அப்படியே ஓடுது எங்க பொழப்பு."

"வெளியாள் கேட்டாலுமா?"

"வெளியாளுக்கு இதெல்லாம் எங்க சார் தெரியும்? எங்க ஆளுங்கதான் கேப்பாங்க."

தூதர் அந்த வார்த்தையை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அவள் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று திருத்திக் கொடுத்தாள். அப்படியே எங்கள் ஆள் சொல்கிற மாதிரியே இருக்கிறது என்று பாராட்டவும் செய்தாள். பாவி, அதோடாவது நிறுத்தியிருக்கலாம். குறுகிய கடற்பகுதிக்கு அப்பால் தென்னந்தோப்பாய்த் தெரிந்த நாபினியைக் கை நீட்டிக் காட்டி, "அந்தக் குட்டித் தீவு எங்க அண்ணனோடது. எங்க அப்பாவைப் புதைச்சதும் அங்கதான்" என்றாள்.

"தெரியும்" என்றார் தூதர். பிறகு, "அழகான இடம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் 'தெரியும்' அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நாபினியில் வானிலை நிலையமும் ஆழமான ஒரு படகுத்துறையும் கட்ட வேண்டும் என்று தூதரகம் முன்பே கேட்டிருந்தது. நிலமெல்லாம் குடும்பங்களுடையது, அரசாங்கம் எடுத்துக் கொடுக்க முடியாது என்று பதில் போயிற்று. மேகத்தைப் பார்க்க எதற்கு இத்தனை ஆழமான துறை, மேகம் என்ன கப்பலிலா வருகிறது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

புவாரெதியின் மனேயபாவில் ஊரே கூடியிருந்தது. சுவரில்லாத, தாழ்ந்த ஓலைக் கூரை போட்ட அந்தக் கூடத்தில் குனிந்துதான் நுழைய வேண்டும், எத்தனை பெரிய நாட்டுத் தூதராக இருந்தாலும். அவரவர் குடிக்கு உரிய இடத்தில் அவரவர் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூதருக்குப் பூமாலை போட்டார்கள், கழுத்தில் பவுடர் தூவினார்கள், பபாய்க் கிழங்கும் சுட்ட மீனும் தேங்காய்ப்பாலும் முன்னால் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவர் எல்லாவற்றிலும் கை நனைத்தார். அது ஊருக்குப் பிடித்திருந்தது.

தெகரெயின் அண்ணன் பரனிகோ ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தான். பேச்சு குறைந்த ஆள். அவன் மனைவி ரூத்தா லீனாவை மடியில் இருத்திக்கொண்டு தாழம்பழத்தைச் சுளை சுளையாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் உறிஞ்சிய உறிஞ்சலில் கன்னமெல்லாம் பழச்சாறு.

"அண்ணி, பார்த்து. துணியெல்லாம் கறையாகுது" என்றாள் தெகரெய்.

"ஆகட்டுமே. துணிதானே? கழுவிட்டாப் போகுது" என்றாள் ரூத்தா. முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. ரூத்தாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சித்தப்பா வீட்டில் ஒரு பெண் குழந்தையைக் கேட்டு வாங்கி வளர்த்தார்கள். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் அது காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் பிள்ளை கேட்க ரூத்தா சம்மதிக்கவில்லை. ஒன்றைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு இன்னொன்று எதற்கு என்று பரனிகோவின் வாயை அடைத்துவிட்டாள்.

ஆட்டமெல்லாம் முடிந்து தூதர் பேச எழுந்தார். வழக்கமான பேச்சுதான். கடல் நம்மைப் பிரிக்கவில்லை, சேர்க்கிறது. பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேதம் எங்களுக்குக் கிடையாது. தெகரெய் இதைப் பல தீவுகளில் மொழிபெயர்த்திருந்தாள். தூங்கிக்கொண்டே சொல்லுவாள்.

திடீரென்று தூதர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பரனிகோ பக்கம் திரும்பினார். கிரிபாஸ் மொழியிலேயே, ஒவ்வொரு வார்த்தையாக, அவள் திருத்திக்கொடுத்த அதே உச்சரிப்பில் சொன்னார்.

"பரனிகோ. நாபினி. புபுசி."

தெகரெய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் விழுந்தது மெய்தானா என்று ஒரு கணம் குழம்பினாள். பாதி மென்ற கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு ஊரே அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த வார்த்தை வெளிநாட்டான் வாயிலிருந்து அந்தக் கூரைக்கு அடியில் வந்ததே இல்லை. அதுவும் ஒரு தீவைக் கேட்டு. சட்டை கேட்பார்கள், சைக்கிள் கேட்பார்கள், பன்றி கேட்பார்கள். ஒருவனுடைய அப்பன் புதைந்து கிடக்கிற மண்ணை யார் கேட்பார்கள்?

தூதர் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை டீச்சரைப் பார்க்கிற சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் ஊர் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. யார் சொல்லிக்கொடுத்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "அவருக்கு அர்த்தம் தெரியாது அண்ணே. தெரியாம சொல்லிட்டார்."

"தெரியாமலா என் பேரைச் சொன்னாரு?" என்றான் பரனிகோ.

ஊருக்கு மூத்தவரான கபுரே தொண்டையைக் கனைத்ததோடு சரி. சொல்ல என்ன இருக்கிறது? கேட்டாகிவிட்டது. பரனிகோ எழுந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. நாபினி போனால் அவனுக்குக் கொப்பரை இல்லை, நல்ல கிணறு இல்லை, அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார இடமில்லை. இல்லையென்று சொன்னாலோ, நாளை முதல் அவன் அந்தத் தூணோரம் உட்கார முடியாது.

"சரி" என்றான். "எடுத்துக்கங்க."

யாரோ ஒரு கிழவி "ஐயோ" என்றாள். இந்தப் பாழும் வாயை ஏன் திறந்தேன் என்று தெகரெய்க்குத் தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றியது. தூதருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார்.

ஆனால் பரனிகோ உட்காரவில்லை.

"தெகரெய், நான் சொல்றதை அவருக்குச் சொல்லு. எங்க ஆளுதான் எங்ககிட்ட இப்படிக் கேப்பான். அப்போ இவரும் இனிமே எங்க ஆளு. சந்தோஷம். எங்க ஆளுன்னா நானும் கேக்கலாம்." அவன் மனைவியின் பக்கம் கை காட்டினான். ரூத்தாவின் மடியில் லீனா ஒரு தாழம்பழச் சுளையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "புபுசி. உங்க மகளை எங்களுக்குக் குடுங்க. ரூத்தா நல்லா வளர்ப்பா."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழி வாங்கவும் சொல்லவில்லை. பரனிகோவுக்கு அந்த இரண்டும் வராது என்று தெகரெய்க்குத் தெரியும். அந்த ஊரில் பிள்ளையைக் கேட்பதும் கொடுப்பதும் நடக்கிற காரியம். தெகரெயின் தம்பி ஒருவன் அப்படித்தான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தான். பரனிகோ மனசாரக் கேட்டான். ரூத்தாவுக்கு வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

தெகரெய் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தாள். "இனி நீங்க எங்க ஆளுங்கிறார். உங்க மகளைக் குடுங்கன்னு கேக்கறார் சார். அவங்க வளர்க்கறதுக்கு. புபுசி."

தூதருக்கு அது பிடித்துப்போயிற்று. எத்தனை நாட்டு விருந்துகளில் எத்தனை பேர் அவரை அண்ணன் என்றும் தம்பி என்றும் கட்டிப்பிடித்திருக்கிறார்கள்! அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக மாறியது. "கட்டாயம்! எனக்குப் பெருமையா இருக்கு. இன்னியிலேர்ந்து லீனா உங்க மகள். நம்ம ரெண்டு நாட்டு உறவுக்கும் இதைவிட என்ன வேணும்?"

தெகரெய்க்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. சார், இது விருந்துப் பேச்சில்லை, மெய்யாகவே கேட்கிறார்கள் என்று அவர் காதோடு சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. படகில் அவள் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கி, அவள் அண்ணன் கழுத்திலேயே கத்தியாய் வைத்துவிட்டானே இந்த மனுஷன். அனுபவிக்கட்டும் என்று நினைத்தாள்.

"தந்தேன் என்கிறார்" என்றாள் ஊரைப் பார்த்து.

மனேயபா அதிர்ந்தது. கைதட்டல், கூச்சல், புகையாய்ப் பவுடர். தூதரின் தலையிலும் லீனாவின் தலையிலும் மாலை மேல் மாலை விழுந்தது. கபுரே கிழவர் எழுந்து வந்து தூதரின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரூத்தா ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பெண்ணின் பிசுபிசுத்த கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே போனாள். லீனா ஒரு தரம் அப்பாவுக்குக் கை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். பிறகு செயற்கைக்கோள் போனை எடுத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய், காரியம் முடிந்தது என்று தன் தலைநகருக்குச் சொன்னார்.

கடலின் ஏற்றநீர் வடிவதற்குள் படகு கிளம்ப வேண்டும். வெயில் இன்னும் இறங்கவில்லை. தூதர் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

"லீனா எங்கே? கூப்பிடுங்க மேடம், நேரமாச்சு."

படகோட்டிதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "பாப்பா அது வீட்டுலதானே இருக்கும்?" அதை அவள் மொழிபெயர்த்தாள்.

"எந்த வீட்டுல?"

"ரூத்தா வீட்டுல சார். நீங்க குடுத்தீங்களே."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படகோட்டியைப் பார்த்தார், அவனும் சிரிக்கவில்லை. அப்போது அந்த முகம் வெளிறிப்போனதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். உதடு வெளுத்து, பேயறைந்தவர் மாதிரி நின்றார். மறு நொடி செருப்பைக் கையில் பிடித்தபடியே ஊருக்குள் ஓடினார்.

ரூத்தாவின் வீடு நான்கு காலில் நிற்கிற பரண் வீடு. பாயில் லீனா தூங்கிக்கொண்டிருந்தாள். ரூத்தா அவளைக் குளிப்பாட்டி, தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிச் சீவி, பூப்போட்ட சின்னச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். தெகரெய்க்கு அந்தச் சட்டை யாருடையது என்று தெரியும். செத்துப்போன பிள்ளையுடையது. அதை ரூத்தா பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

தூதர் பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தார். பெண் திடுக்கிட்டு விழித்து, அப்பாவின் கத்தலைக் கேட்டு வீறிட்டு, போய் ரூத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத் தூதர் அப்படியே நின்றுவிட்டார். பரனிகோ எங்கிருந்தோ ஓடி வந்தான். அவன் பின்னால் ஊரும் வந்தது.

"என்ன பண்றீங்க? பிள்ளை பயப்படுதுல்ல?" என்றான் பரனிகோ. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "காலையில எல்லார் முன்னாடியும் குடுத்தாரே. இப்போ என்ன ஆச்சு இவருக்கு? தெகரெய், கேளு."

"இது கடத்தல்!" தூதரின் குரல் கிறீச்சிட்டது. "சொல்லுங்க இவங்ககிட்ட! என் பொண்ணு மேல கை வச்சா தண்ணித்தொட்டியும் கிடையாது, விளக்கும் கிடையாது, உறவும் கிடையாது! உங்க அரசாங்கமே வந்து பதில் சொல்லணும்!"

"நீங்க குடுத்துட்டீங்க சார்."

"அது மரியாதைக்குச் சொன்னது!"

"இவங்க நாபினியை மரியாதைக்குக் குடுக்கல சார். நிஜமாக் குடுத்தாங்க."

அவர் அவளையே பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என்னைத் தடுக்கல."

"நீங்களும் என்கிட்டச் சொல்லாமத்தான் எழுந்து கேட்டீங்க."

அதைச் சொன்னபோது இருந்த சூடு, அடுத்த கணம் ரூத்தாவைப் பார்த்ததும் அவிந்துபோயிற்று. ரூத்தாவுக்கு அவர்கள் பேசிய பாஷை புரியவில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் தான் செய்தது என்னவென்று தெகரெய்க்கு உறைத்தது. தூதருக்கு வலிக்கட்டும் என்று நினைத்தாளே தவிர, நடுவில் இருந்த அண்ணியை அவள் நினைக்கவே இல்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் மடியில் இன்னொரு பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். தன்னாலா இது முடிந்தது என்று அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"எப்படித் திருப்பி வாங்கறது?" தூதரின் குரல் இப்போது இறங்கிப் போயிருந்தது. "சொல்லுங்க மேடம். நான் என்ன பண்ணணும்?"

"கேக்கணும் சார். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேக்கணும். அவங்களால இல்லேன்னு சொல்ல முடியாது."

தூதர் மணலில் மண்டியிட்டார். காலையில் அவ்வளவு அழகாக வந்த வார்த்தை இப்போது நாக்கில் புரளவில்லை. "புபுசி" என்றார். "என் பொண்ணு. புபுசி."

பரனிகோ மனைவியைப் பார்த்தான். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். ரூத்தா வேறு யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. தன் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பெண்ணின் முகத்தைத் துடைத்தாள். பரணிலிருந்து தூக்கி இறக்கி, அப்பாவின் கைக்குள் வைத்தாள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும், காலையில் நிலத்தைக் கொடுத்த வீடு அதே நாள் பிள்ளையையும் கொடுத்தது ஊருக்கே தாங்கவில்லை.

தூதர் மகளை இறுக்கிக்கொண்டு கரையை நோக்கி நடந்தார். படகுக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னால் ரூத்தாவின் குரல் கேட்டது.

"அய்யா."

அவர் திரும்பினார். அத்தனை நேரம் ஒரு வார்த்தை பேசாதவள், கூடி நின்ற ஜனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க கேட்டீங்க, குடுத்தோம். மறுபடியும் கேட்டீங்க, அதையும் குடுத்தோம். இப்போ நான் கேக்குறேன். நாபினியைத் திருப்பிக் குடுங்க. என் மாமனார் அங்க படுத்திருக்காரு. என் பொண்ணும் அங்கதான் படுத்திருக்கு. புபுசி."

தெகரெய் மொழிபெயர்த்தாள். ரூத்தாவுக்கு ஒரு மகள் இருந்தது தூதருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். லீனாவின் எண்ணெய்த் தலை அவர் தோளில் கிடந்தது. கொடுத்துவிடுவார் என்றே தெகரெய் நம்பினாள். எந்தத் தகப்பனால் அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல முடியும்?

அவர் கண்ணைத் திறந்தபோது பழைய தூதர் திரும்பி வந்திருந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். "என் சொந்த நிலமா இருந்தா இப்பவே குடுத்திருப்பேன். எங்க தலைநகருக்குச் செய்தி போயாச்சு. இனிமே அது என் நாட்டோட விஷயம். குடுக்க முடியாது."

வருத்தத்தையும் தலைநகரையும் சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் மெத்தென்று விழும். எத்தனை வருஷமாக அவள் இப்படி எத்தனை பேருடைய பேச்சுக்குப் பஞ்சு வைத்துக் கொடுத்திருக்கிறாள். அன்று கை வரவில்லை.

"இல்லையாம்" என்றாள்.

ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். ஆம்பளைகள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஊரின் நடுவில் ஒருவன் அம்மணமாய் வந்து நின்றுவிட்ட மாதிரி. தூதரைப் பார்க்க அவர்களுக்குக் கூசியது. கபுரே கிழவர் தெகரெய் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை சொல்லு புள்ள. எனக்குச் சரியா விழல."

"இல்லேன்னு சொல்லிட்டார் பெரியவரே. குடுக்க முடியாதாம்."

"இந்த வயசுக்கு இதைக் கேக்கணும்னு இருக்கு எனக்கு" என்றார் கிழவர். பிறகு பரனிகோவின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நம்ம ஆளுன்னு நெனச்சு நாபினியைக் குடுத்தோம். இவர் நம்ம ஆளு இல்ல. அதனால நாம யாருக்கும் ஒண்ணும் குடுக்கல. பரனிகோ, எந்தக் காகிதம் வந்தாலும் நீ கையெழுத்து வைக்காதே. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு, ஊர் பேரைச் சொல்லு."

"என்ன சொல்றார்?" என்றார் தூதர்.

"நாபினி இல்லைங்கிறார் சார்."

"இது பெரிய இடத்து விஷயம் மேடம். இவர் சொல்லி என்ன ஆகப் போகுது? நிலத்துக்காரர் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டார்."

"நீங்களும் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டீங்க சார். நிலத்துக்காரர் கையெழுத்து வைக்க மாட்டார். கையெழுத்து இல்லாம எங்க அரசாங்கம் ஒரு பிடி மண்ணைத் தொட முடியாது."

தூதர் கரையில் நின்றவர்களைப் பார்த்தார். ஒருவர் கண்ணும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. பிறகு மகளைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். படகைத் தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. கடைசியில் பரனிகோதான் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினான். வந்த விருந்தாளியை நடுத்தண்ணீரில் விட அவனால் முடியவில்லை.

"ஏறுங்க மேடம்" என்று தூதர் கூப்பிட்டார். தெகரெய் தலையை ஆட்டிவிட்டாள். கொப்பரை ஏற்ற வரும் படகில் பிறகு வந்துகொள்ளலாம். அப்போது தராவாவில் அவளுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அதை அன்றைக்கு நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நாபினி மிஞ்சியது என்ற சந்தோஷம் எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது, ஆனால் அதைத் தொட முடியவில்லை.

படகு திரும்பியது. லீனா எழுந்து நின்று கை ஆட்டினாள். பூப்போட்ட சின்னச் சட்டை காற்றில் படபடத்தது.

தெகரெய் திடுக்கிட்டாள். "அண்ணி! சட்டை! நம்ம பிள்ளை சட்டை அது மேலயே இருக்கு அண்ணி!" அவள் துணியோடு தண்ணீரில் இறங்கினாள். "கூப்பிடுங்க, இன்னும் தூரம் போகல. கேளுங்க அண்ணி. சட்டைதானே, குடுத்துருவாங்க."

ரூத்தா அசையவில்லை. படகைப் பார்த்தபடியே நின்றாள்.

"வேண்டாம்" என்றாள்.

"ஒரு வார்த்தை கேளுங்க அண்ணி!"

"நான் கேட்டு, அவர் இல்லேன்னு சொல்லிட்டா?"

தெகரெய் தண்ணீரிலேயே நின்றுவிட்டாள். கேட்பதற்குப் பயந்த ஒருத்தியை அந்த ஊரில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.